சட்டைக்குள் விழுந்த காலித் தோட்டா

குளியலறையில் நின்று காக்கிச் சட்டையைப் பேன்டிலிருந்து உருவியபோது, அது டங்கென்று தரையில் விழுந்து உருண்டு, தண்ணீர் போகும் ஓட்டையின் சல்லடை மேல் போய் நின்றது. சுண்டுவிரல் நுனியளவு பித்தளைக் குப்பி. சத்தியராஜ் அதைக் குனிந்து எடுக்கவில்லை. வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். மத்தியானம் சாப்பிட்டிருந்தால்தானே ஏதாவது வர? டீயும் பித்தமுமாக வந்தது.

"இன்னாங்க, இன்னா சத்தம்?" ஞானகுமாரி கதவைத் தட்டினாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா குடலு வெளிய வர்ற மாரி கீது? தொறங்க மொதல்ல."

திறந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். அது அவருடையது இல்லை. அவருடையது என்று சொல்ல ஒன்றுதான் இருந்தது. கழுத்துக் குழிக்குக் கீழே, எலும்பை ஒட்டி, அரை விரல் நீளத்துக்குக் கொப்புளம் கட்டிய தீப்புண்.

ஞானகுமாரிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. நூல் பிசிறு, கறை, தப்புத் தையல், எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ரத்தத்தை விட்டுவிட்டுப் புண்ணைப் பார்த்தாள். புண்ணை விட்டுவிட்டு ஓட்டையோரம் கிடந்த குப்பியைப் பார்த்தாள்.

"அதுவா இத சுட்டுச்சி?"

"ஆமா."

"யாரு சுட்டது?"

அவர் வாய் கொப்பளித்துத் துப்பினார். அதற்குப் பிறகும் வாயில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளில் வந்தது வேறு, நடந்தது வேறு.

சத்தியராஜ் தலைமைக் காவலர், ஸ்டேஷன் ரோந்து ஜீப்பின் டிரைவர். முத்தாபுதுப்பேட்டையில் சொந்த வீடு, கல்லூரியில் படிக்கும் ஸ்வீட்லின் என்று ஒரே பெண், ஓய்வுக்கு இன்னும் பன்னிரண்டு வருடம். காலை ஆறரைக்கு ஜீப்பைக் கழுவி, ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து, நாலு டயரையும் காலால் ஒரு தட்டு தட்டி, டேஷ்போர்டில் ஒட்டிய மாதா படத்தைத் தொட்டு நெஞ்சில் சிலுவை போட்ட பிறகுதான் சாவியைத் திருப்புவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாயைக்கூட அடித்தது கிடையாது.

அன்றைக்கு ஐப்பசிப் புழுக்கம். மழை இதோ வருகிறேன் என்று இருட்டிவிட்டு வராமல் ஏய்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணி. சென்னீர்குப்பத்தில், பெங்களூர் ஹைவேயில் வாகனச் சோதனை. சத்தியராஜ் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் எஸ்.ஐ. தமிழரசு. இருபத்தொன்பது வயது, நேரடித் தேர்வில் வந்தவன், கறுப்புக் கண்ணாடி, முறுக்கு மீசை. இடுப்புத் துப்பாக்கி உறையில் இருந்த நேரத்தைவிட அவன் அதை எடுத்துத் துடைத்த நேரம் அதிகம்.

வெள்ளைக் குட்டியானை ஒன்று திருடு போயிருப்பதாக வயர்லெஸ் மைக்கில் தகவல் வந்து பத்து நிமிடம் இருக்கும். குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டிதான். ஹைவேயில் நிமிடத்துக்கு ஒன்று போகும். அப்படி ஒரு வெள்ளை வண்டி, கை காட்டியும் நிற்காமல் தடுப்புக்கு நடுவில் நுழைந்து பறந்தது.

"ஏட்டு, உடாத! அமுக்கு!"

"நம்பர் பாத்துட்டேன் சார். மைக்ல சொல்லிருங்க. முன்னாடி சிக்னல்ல ஜாம் கீது, எங்க பூடுவான்? ஸ்கூல் உடற நேரம் சார்."

"எனக்கே கிளாஸ் எடுக்கறியா? அமுக்குய்யான்னா!"

அமுக்கினார். அந்தக் காலை வெட்டிப் போட்டால் என்ன என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்தார், ஆனால் அந்த நேரத்தில் அமுக்கினார். ஷேர் ஆட்டோக்கள் சிதறின. ஒரு பெண் ஸ்கூட்டியோடு மண்ணில் இறங்கினாள். முன்னால் போன வண்டியின் பின்கதவு குதித்துக் குதித்துத் திறந்தது. உள்ளே இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் உருண்டுகொண்டிருந்தன.

"சார், தண்ணி கேன் வண்டி சார்! திருடிகினு போறவன் கேன ஏத்திகினா போவான்?"

தமிழரசுவுக்குக் காது கேட்கவில்லை. துப்பாக்கியை உருவிவிட்டான்.

"ஓடற வண்டில இர்ந்து வாணா சார்!"

"டயர்லதான்யா."

டயரில்தானாம். நின்ற இடத்தில் நின்றுகொண்டு, அசையாத அட்டையைச் சுட்டாலே பத்துக்கு நாலுதான் விழும் அவனுக்கு. ஸ்டேஷனுக்கே தெரிந்த சங்கதி. போதாக்குறைக்கு, கையை முழுசாக வெளியே நீட்டும் துணிச்சலும் இல்லை. முழங்கையை உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகச் சுட்டான்.

அந்தத் துப்பாக்கி காலித் தோட்டாவை வலது பக்கமாகத்தான் துப்பும். வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர் டிரைவர். நெருப்பாய்க் காய்ந்த பித்தளை முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்து, திறந்த மேல் பட்டன் வழியே சத்தியராஜின் சட்டைக்குள் விழுந்தது. "அய்யோ" என்று அவர் நெளிந்த நெளிப்பில் ஸ்டியரிங் இடப்பக்கம் வெட்டியது.

சுடாத நேரத்தில் விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. தமிழரசுவின் விரல் விசையிலேயே கிடந்தது. ஜீப் வெட்டிய உலுக்கலில் இரண்டாவது தோட்டா தானாக வெடித்தது.

அங்கே சர்வீஸ் ரோட்டில் பஸ் நிறுத்தம். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கன்னியம்மாள். சென்னீர்குப்பத்துப் பழைய குடியானவ வீட்டுப் பொம்பளை, ஐம்பத்தைந்து வயது. நிலமெல்லாம் ரோட்டுக்கும் குடோனுக்கும் போனது போக, மிச்சமிருந்த துண்டில் கீரை போட்டு, கம்பெனி விட்டு வரும் பெண்களுக்கு அந்த இடத்தில் உட்கார்ந்து விற்பவள். அரைக்கீரையை வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே கீரை மேல் சரிந்தாள். வலது தோள் பிய்ந்திருந்தது.

தமிழரசு ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. "யோவ், வண்டி போவுதுய்யா, வண்டி போவுது" என்று கத்திக்கொண்டிருந்தான். சத்தியராஜ்தான் இறங்கி ஓடி, அவளைத் தூக்கித் தோளில் போட்டு, ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து ஏற்றிக்கொண்டு போனார். ஆட்டோ முழுக்கக் கீரை வாசனையும் ரத்த வாசனையும். அதற்குப் பிறகு அவருக்கு எந்தக் கீரையும் இறங்கவில்லை.

தண்ணீர் கேன் வண்டியைப் பிடித்தது யார் என்கிறீர்கள்? சிக்னல்தான். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தான் டிரைவர் சின்னசாமி. வண்டி திருட்டு வண்டி இல்லை. இன்சூரன்ஸ் தீர்ந்து நாலு மாதமாகிறது, அந்தப் பயத்தில்தான் நிற்காமல் போயிருக்கிறான். அன்று ராத்திரியே அவன் ஸ்டேஷன் கக்கூசில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டதாக எழுதினார்கள். இந்த ஊர் ஸ்டேஷன் கக்கூசுகளில் எஸ்.ஐ.க்கள் யாரும் வழுக்கி விழுந்ததாக இதுவரை கேள்விப்பட்டதில்லை.

சத்தியராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ரோட்டில் சாக்பீஸ் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழரசு அவரைத் தனியாக ஓரங்கட்டினான்.

"ஏட்டு, கேட்டுக்க. நான் எறங்கி நின்னேன். அவன் ரிவர்ஸ் எடுத்து என்மேல ஏத்த வந்தான். எச்சரிச்சேன், கேக்கல, டயரைப் பாத்து ரெண்டு ரவுண்டு. ஒண்ணு இரும்புத் தடுப்புல பட்டுத் திரும்பிடுச்சி. புரியுதா? ஒரு காலித் தோட்டா ஜீப்புல கெடந்துச்சி, எடுத்து, தொ, அந்த வட்டத்துல வச்சிட்டேன். இன்னொண்ணு எங்க?"

"தெரியல சார். வெளிய உழுந்துருக்கும்."

அந்த நேரத்தில் அது அவர் வயிற்றோரம், பெல்ட்டுக்கு மேலே, சட்டை மடிப்பில் குத்திக்கொண்டிருந்தது. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

"ஸ்டியரிங்க வெட்டினது நீ. அத மறந்துடாத. நெஜம் பேசணும்னு ஆசப்பட்டா மொத ஆளா உள்ள போறது நீதான்" என்றான் தமிழரசு. சொல்லிவிட்டுச் சூயிங்கத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் பேப்பரில் வந்தது. போலீசை வண்டி ஏற்றிக் கொல்ல முயற்சி, துணிச்சலாகச் சுட்டுப் பிடித்த எஸ்.ஐ. கறுப்புக் கண்ணாடியோடு போட்டோ. கன்னியம்மாள் கடைசி வரியில் இருந்தாள், பெயரில்லாமல், 'பெண் ஒருவர்' என்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஸ்டேஷன் ரைட்டர் ரிச்சர்ட் வந்தான். கொரட்டூர்க்காரன், ஸ்டேஷன் எழுத்து வேலை எல்லாம் அவன் பொறுப்பு. சத்தியராஜை அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவான். கையில் பிரியாணிப் பொட்டலம்.

"எஸ்.ஐ. குடுத்து உட்டாருண்ணாத்தே. ஊட்ல எல்லாரும் துன்னுங்க."

ஞானகுமாரி அதை வாங்கவில்லை. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அதைக் கிண்டப் போனாள். பொட்டலம் டீப்பாயில் எண்ணெய் கசிந்துகொண்டு கிடந்தது.

"இன்னா சமாச்சாரம், சொல்லு" என்றார் சத்தியராஜ்.

"ஆயுத அறையில ரெண்டு காலி கேக்கறான்ணாத்தே. ஒண்ணுதான் கீது. நாளன்னிக்கி கோட்டாட்சியரம்மா விசாரண. அதுக்குள்ளார ரெண்டையும் கணக்கு காட்டணும். உன்னாண்ட ஸ்டாக் இருக்குமே, ஒண்ணு குடேன்."

துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் சுட்டால் ஒவ்வொரு காலித் தோட்டாவையும் பொறுக்கி எடுத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சத்தியராஜ் பயிற்சியில் இருந்தபோது ஒரு காலி புல்லில் தொலைந்து, எண்பது பேர் பொழுது சாயும்வரை நாலு காலில் தவழ்ந்து தேடினார்கள். முழங்கால் தோல் உரிந்தது. அன்றிலிருந்து எவன் கண்ணிலாவது அதிகப்படி காலி பட்டால் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான், பின்னால் யாருக்காவது குறைந்தால் உதவும் என்று. காக்கி போட்டவர்கள் வீட்டில் இப்படி ஒரு டப்பா இருக்கும். சத்தியராஜ் வீட்டில் அது ஒரு பழைய பவுடர் டப்பா. அலமாரி மேல் பைபிளுக்குப் பின்னால் இருந்தது.

அவர் எழுந்து போனார். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தார். அடியில் பொறித்திருந்த வருஷத்தைப் பார்த்தார். பத்து வருடம் பழையது. ரிச்சர்டின் உள்ளங்கையில் வைத்தார்.

ரிச்சர்ட் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணிக்கைதான் அவனுக்கு வேண்டும். "கர்த்தர் உன்ன ஆசீர்வதிப்பாரு" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "பிரியாணி ஆறுது பாரு" என்று நினைவுபடுத்திவிட்டுப் போனான்.

கேட் மூடிய சத்தம் கேட்டதும் ஞானகுமாரி வெளியே வந்தாள். பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்த் தெருக்கோடி குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து கை கழுவினாள். சோப்புப் போட்டு இரண்டு தரம்.

"குடுத்துட்டீங்க."

"ம்."

"பயந்துகினு குடுத்தீங்களா, இல்ல வேற ஏதாச்சும் நெனச்சிகினா?"

"தெர்ல ஞானம்."

"தெர்லன்னா?"

"நெஜமாத்தான் சொல்றேன். இந்த மாசம் எஸ்.ஐ.க்குக் குடுத்த தோட்டா புதுசு. அடியில வேற வருஷம் கீது. நான் குடுத்தது பழசு. ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாத்தா சின்னக் கொழந்தகூட சொல்லிடும். அத நெனச்சிதான் குடுத்தேன்னு சொல்லத் தோணுது. ஆனா கை எட்டி எடுக்கறப்ப நான் அத நெனச்சனா, இல்ல அவன் ஊட்ட உட்டுப் போனாப் போதும்னு நெனச்சனா? தெர்ல. எனக்கே என்னப் பாத்தா கொமட்டிகினு வர்து."

"அந்தப் பொம்பள?"

"கைய எடுக்கணும்னு சொல்றாங்க."

குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. இருவரும் எழுந்து போகவில்லை.

"உண்மையச் சொன்னா எனக்கும் இன்னா ஆவும் தெரியுமா?" என்றார். "ஸ்டியரிங்க வெட்டினது நான்தான. சஸ்பெண்டு, கேசு. வேல போனாலும் போவும். ஸ்வீட்லினு படிச்சிகினு கீறா."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏதாச்சும் சொல்லேன்."

ஞானகுமாரி அவர் சட்டைக் காலரை விலக்கிப் புண்ணைப் பார்த்தாள். கொப்புளம் உடைந்து, மேல்தோல் காயத் தொடங்கியிருந்தது. "கம்பெனில தப்புத் தையல் வந்தா நூலப் பிரிச்சிட்டு மறுபடியும் தைக்கலாம். அயர்ன் பண்ணி மறச்சி அனுப்பினா, கப்பல் ஏறி அங்க போயித் திரும்பி வந்துடும். வேற எனக்கு இன்னா தெரியும்? இந்தப் புண்ணு இன்னும் பத்து நாள்ல ஆறிடும். அதுக்கப்புறம் நீங்களே நெனச்சாலும் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது."

விசாரணை நாளில் காலை எட்டு மணிக்கே இருவரும் கிளம்பினார்கள். ஞானகுமாரி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டாள். குளியலறையில் விழுந்த காலித் தோட்டா ஒரு மாத்திரை அட்டைப் பெட்டிக்குள் அவள் கைப்பையில் இருந்தது. என்ன சொல்லப் போகிறார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போகிற வழியில் "ஆஸ்பத்திரிக்கு உடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

கன்னியம்மாள் வார்டின் கடைசிக் கட்டிலில் இருந்தாள். வலது தோளுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கட்டு மட்டும் இருந்தது. பக்கத்தில் அவள் மகள் கிருஷ்ணப்பிரியா உட்கார்ந்து, பாதியில் விட்ட கீரை வியாபாரத்துக்காக வாழைநாரைக் கிழித்து வைத்துக்கொண்டிருந்தாள். சத்தியராஜைப் பார்த்ததும் கன்னியம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"வா நைனா, வா. பாப்பா, தொ பாரு, இவருதான் என்னத் தூக்கிகினு ஓடியாந்தவரு. நீ இல்லாங்காட்டி நான் கீர மேலயே செத்துப் பூட்டிருப்பேன். மவராசனா இருக்கணும் நீ."

சத்தியராஜ் கட்டிலோரம் போய் நின்றார்.

"உங்க எஸ்.ஐ.யும் வந்தாரு, ஆப்பிள் குடுத்தாரு, போட்டோ புடிச்சாங்க. இரும்புல பட்டுத் திரும்பிகிச்சாமே குண்டு? இன்னா பண்றது, என் தலையெழுத்து. அந்தத் தண்ணி வண்டிக்காரன் கட்டைல போறவன், நின்னுட்டுப் போயிருந்தா எனக்கு இந்த கதி வருமா? அவன் கை அழுவிப் பூடணும்."

"அம்மா" என்றார் சத்தியராஜ். "அவனத் திட்டாதீங்க."

"பின்ன?"

அவர் மேல் இரண்டு பட்டனைக் கழற்றினார். ஞானகுமாரி கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓடுகிற ஜீப்பிலிருந்து சுட்டது, காலித் தோட்டா சட்டைக்குள் விழுந்தது, தான் நெளிந்தது, ஸ்டியரிங் வெட்டியது, விசையில் இருந்த விரல், இரண்டாவது வெடி. தண்ணீர் வண்டிக்காரனின் கையை ஸ்டேஷனில் முறித்ததையும் சொன்னார். கடைசியாக, பவுடர் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்ததையும் சொன்னார். சொல்லி முடித்ததும் காலில் விழக் குனிந்தார்.

கன்னியம்மாள் காலை இழுத்துக்கொண்டாள்.

அவள் அந்தப் புண்ணைப் பார்த்தாள். பிறகு தன் தோள்கட்டைப் பார்த்தாள். கிருஷ்ணப்பிரியா நார் கிழிப்பதை நிறுத்திவிட்டிருந்தாள்.

"அஞ்சி நாளு" என்றாள் கன்னியம்மாள். "அஞ்சி நாளா ஒரு பாவமும் அறியாதவனுக்கு சாபம் குட்துகினு கீறேன் நான். நீ சட்டையப் போட்டு மூடிகினு கீற."

"தப்புதாம்மா."

"தப்புன்னு என்னாண்ட சொல்லி? தூக்கிகினு ஓடியாந்தியேன்னு உன்ன எத்தினி சாமியாண்ட வேண்டிகினேன் தெரியுமா? சீ." பக்கத்தில் இருந்த எச்சில் கிண்ணத்தை இடது கையால் தட்டுத் தடுமாறி எடுத்துத் துப்பினாள். அதை மறுபடி வைக்கத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். ஞானகுமாரி வாங்கி வைத்தாள்.

சத்தியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனைப் போடப் போனார்.

"போடாத" என்றாள் கன்னியம்மாள்.

அவர் கை நின்றது.

"எனக்கு இன்னாத்துக்குக் காட்ற அத்த? நானா எழுதப் போறேன்? எழுதறவங்களாண்ட போயிக் காட்டு. பட்டனு போட்டா மறுபடி உனக்குப் பயம் வந்துடும். அப்டியே போ."

கோட்டாட்சியர் அலுவலகத்து வராந்தாவில் தமிழரசு கறுப்புக் கண்ணாடியைச் சட்டையில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். ரிச்சர்ட் கையில் கோப்பு. அதன் மேல் சின்ன பிளாஸ்டிக் உறையில் இரண்டு காலித் தோட்டாக்கள், முத்திரை போட்டு, ஒன்று பளபளவென்றும் ஒன்று மங்கியும் இருந்தன. சத்தியராஜைப் பார்த்ததும் ரிச்சர்ட் பதறிக்கொண்டு வந்தான்.

"இன்னாண்ணாத்தே கோலம் இது? ஆபீசர் முன்னாடி போறப்ப காலரத் தொறந்து போட்டுகினு? பட்டனப் போடு, மெமோ குட்துடுவாங்க." சொல்லிக்கொண்டே அவனே பட்டனைப் போடக் கை நீட்டினான்.

சத்தியராஜ் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். தமிழரசுவின் பார்வை திறந்த காலருக்குள் போயிற்று. புண்ணின் நீளத்தை அளந்தது. அவன் வாயில் மென்றுகொண்டிருந்தது நின்றது.

"ஏட்டு" என்றான். "ஏட்டய்யா."

ஐந்து வருடத்தில் முதல் முறையாக அய்யா போட்டான்.

ஞானகுமாரி கைப்பையைத் திறந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். உள்ளேயிருந்து பியூன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சத்தியராஜ் திறந்த சட்டையோடு உள்ளே போனார்.